சுமைக்கு ஓர் எல்லை



நம் தோட்டத்திற்கு வந்து நிற்கும் லோரியின் பக்கவாட்டை ஒரு முறை உற்றுப் பாருங்கள். அங்கே வெள்ளை எழுத்தில் இரண்டு எடைகள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று 'பெராட் தன்பா முவாத்தான்', அதாவது சுமை ஏற்றாதபோது வண்டியின் எடை. மற்றொன்று 'பெராட் டெங்கான் முவாத்தான்', அதாவது சுமையோடு சேர்த்து அந்த வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. மும்மூன்று எழுத்துகளாகச் சுருக்கி எழுதியிருப்பார்கள். சொல்லிப் பார்த்தால் இரண்டும் நம் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும். நடு எழுத்தைப் பார்த்துத்தான் எது எதுவென்று பிரித்தறிய வேண்டும்.

இந்த எண்களை நாள்தோறும் பார்க்கிறோம். ஆனால் அவை ஏன் எழுதப்பட்டன, யாருக்காக எழுதப்பட்டன என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. லோரி ஓட்டுபவருக்கும் போக்குவரத்து அதிகாரிக்கும் மட்டுமே உரிய கணக்கு அது என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் அந்த இரண்டு எண்களுக்குப் பின்னால் நெடிய வரலாறு ஒன்று இருக்கிறது. கடலில் மூழ்கிய மாலுமிகளும், இரயிலில் சென்ற பள்ளிப் பிள்ளைகளும் உயிரைக் கொடுத்து எழுதிய வரலாறு அது. அந்த வரலாற்றைத்தான் இன்றைய பேச்சில் நாம் காணவிருக்கிறோம்.

மனிதன் முதன்முதலில் சுமை ஏற்றியது தன் தோளின்மீதுதான். நம் நாட்டில் பழைய தலைமுறையினர் 'பிக்குல்' என்ற எடையைச் சொல்வார்கள். நூறு காட்டி ஒரு பிக்குல்; இன்றைய கணக்கில் 60 கிலோவுக்குச் சற்று அதிகம். மலாய் மொழியில் 'பிக்குல்' என்றால் தோளில் சுமப்பது என்று பொருள். ஓர் ஆள் தோளில் சுமக்கக்கூடிய பாரமே ஓர் அளவையின் பெயராகிவிட்டது. ஆகவே, 'இவ்வளவுதான் தாங்கும்' என்னும் எண்ணம் மனித உடம்பிலிருந்தே பிறந்தது எனலாம்.

தோளுக்கு அடுத்து வந்தது வண்டி. தோள் வலித்தால் மனிதன் வாய்விட்டுச் சொல்வான். மாடு பேசாது, அச்சாணி பேசாது. எனவே அவற்றுக்காக வேறு யாராவது எல்லை வகுக்க வேண்டியதாயிற்று. வலியறிதல் என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் வண்டியின் அச்சு முறிவதையே உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். ஏற்றுவது மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் கேடுதான் என்பது அவர் கருத்து. ஐரோப்பாவில் உரோமப் பேரரசு, அரசாங்கத் தபால் வண்டிகளில் ஏற்றும் சுமைக்குச் சட்டமே இயற்றியது. கி.பி. 438 இல் வெளியிடப்பட்ட தியோடோசியஸ் சட்டத் தொகுப்பில், இரு சக்கரச் சிறு வண்டிக்கு 200 உரோம இராத்தல், பெரிய வண்டிக்கு 1,000 இராத்தல், எருது பூட்டிய கனத்த வண்டிக்கு 1,500 இராத்தல் என்று எல்லைகள் குறிக்கப்பட்டுள்ளன. விலங்குகளையும் வண்டிகளையும் பாழாக்காமல் காப்பதே அதன் நோக்கம்.

இங்கிலாந்தில் 1741 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. சுங்கச் சாலைகளில் எடை போடும் பொறிகளை அமைத்து, அளவுக்கு மேல் ஏற்றி வரும் வண்டிகளிடம் கூடுதல் பணம் வசூலிக்கலாம் என்று அது கூறியது. 1753 இல், கனத்த வண்டிகளின் சக்கரங்கள் அகலமாக இருக்க வேண்டும் என்றார்கள். மெல்லிய சக்கரம் கத்தியைப்போல் சாலையை அறுத்துவிடுமல்லவா? ஆனால் இந்தச் சட்டங்களெல்லாம் சாலையைக் காப்பதற்கு வந்தவை. வண்டியில் செல்லும் மனிதனைக் காக்கும் எண்ணம் இன்னும் பிறக்கவில்லை. அந்த எண்ணம் சாலையில் பிறக்கவில்லை, நேயர்களே, கடலில் பிறந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனின் வணிகக் கப்பல்கள் உலகெங்கும் சென்றன. நிலக்கரி, தானியம், மரம், இரும்பு என்று எதையும் ஏற்றின. எவ்வளவு ஏற்றலாம் என்பதற்குக் கட்டாயமான எல்லை கிடையாது. ஏற்ற ஏற்ற இலாபம். கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழ அமிழ்கிறதோ, அவ்வளவு குறைவாகவே அதன் மேல்தளம் அலைக்கு மேலே நிற்கும். புயலில் ஓர் அலை உள்ளே புகுந்தால் போதும். கப்பல் திரும்ப எழாது. ஆனால் கப்பல் முதலாளிக்கு அதனால் நட்டம் வராமல் போகலாம், ஏனெனில் கப்பலும் சரக்கும் காப்புறுதி செய்யப்பட்டிருந்தன. சில பழங்கப்பல்கள் அவற்றின் உண்மையான மதிப்பைவிட அதிகத் தொகைக்குக் காப்புறுதி செய்யப்பட்டிருந்தன என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அப்படிப்பட்ட கப்பல்களை மக்கள் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்று அழைத்தார்கள்.

மாலுமிகள் மறுத்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். மறுத்தவர்கள் சிறைக்குச் சென்றார்கள். வேலைக்குக் கையெழுத்திட்ட மாலுமி, 'இந்தக் கப்பல் பாதுகாப்பானதன்று, நான் ஏறமாட்டேன்' என்று சொன்னால் அது சட்டப்படி குற்றம். ஏறினால் கடல், ஏறாவிட்டால் சிறை. ஒப்பந்தக் கூலி முறையைப் பற்றி நம் பாட்டன்மாரிடம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த நிலைமையைப் புரிந்துகொள்வது கடினமன்று.

இந்த அநியாயத்தை எதிர்த்து எழுந்தவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் ஹால். அவரே ஒரு கப்பல் உரிமையாளர். கப்பலின் பக்கத்தில் சுமைக் கோடு ஒன்று வரையப்பட வேண்டும் என்று 1860களிலேயே அவர் வாதாடினார். அந்தக் கோரிக்கையை நாடாளுமன்றத்துக்குள் கொண்டுசென்று இறுதிவரை போராடியவர் சாமுவேல் பிலிம்சால். இவர் 1824 இல் பிரிஸ்டல் நகரில் பிறந்தவர். நிலக்கரி வணிகம் செய்து, ஒரு கட்டத்தில் நொடித்துப்போய் ஏழைகளின் விடுதியில் தங்கி வாழ்ந்தவர். பின்னர் வணிகத்தில் மீண்டும் தலைநிமிர்ந்து, 1868 இல் டர்பி தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1873 இல் மாலுமிகளின் நிலையைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். நாடே அதிர்ந்தது. அரச விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பலர் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். அவர் பின்வாங்கவில்லை.

1875 ஜூலை 22 ஆம் நாள். கப்பல் பாதுகாப்பு மசோதாவை அவ்வாண்டு எடுத்துக்கொள்ளப்போவதில்லை என்று பிரதமர் டிஸ்ரேலி அறிவித்தார். பிலிம்சால் கொதித்தெழுந்தார். முட்டியை உயர்த்தி, அவையில் இருந்த கப்பல் முதலாளிகளை வில்லன்கள் என்று கடுமையாகச் சாடினார். பிறகு தம் சொற்களுக்காக அவையில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஆனால் அந்தக் கோபம் நாட்டு மக்களின் கோபமாகிவிட்டது. அரசு இறங்கி வந்தது. 1876 இல் வணிகக் கப்பல் சட்டம் நிறைவேறியது. ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் கப்பலின் பக்கத்தில் வரையப்படலாயிற்று. இன்றும் அதனைப் பிலிம்சால் கோடு என்றே அழைக்கின்றனர். அந்தக் கோடு தண்ணீருக்குள் மறைந்தால், கப்பலில் சுமை மிகுந்துவிட்டது என்று பொருள்.

ஆனால் நேயர்களே, இங்கே ஒரு முக்கியமான செய்தியைக் கவனிக்க வேண்டும். 1876 ஆம் ஆண்டுச் சட்டம் கோடு வரைய வேண்டும் என்று சொன்னதே தவிர, அதை எங்கே வரைய வேண்டும் என்று சொல்லவில்லை. அதைக் கப்பல் முதலாளியின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. ஒரு கப்பல் தலைவர் கேலியாகப் புகைபோக்கியின்மேல் அந்தக் கோட்டை வரைந்தார் என்றுகூட ஒரு கதை உண்டு. கோட்டின் இடத்தை அரசே வரையறுக்கும் சட்டம் 1890 இல்தான் வந்தது. பதினான்கு ஆண்டுகள் கழிந்தன! எல்லை வகுப்பது ஒன்று. இலாபம் பெறுகின்றவனே அந்த எல்லையை வகுக்காமல் பார்த்துக்கொள்வது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. பிலிம்சால் 1898 இல் காலமானார். 1930 இல் பல நாடுகள் இலண்டனில் கூடி, அனைத்துலகச் சுமைக்கோட்டு உடன்பாட்டை ஏற்றுக்கொண்டன. 1966 இல் அது புதுப்பிக்கப்பட்டது.

இன்று கப்பலின் பக்கத்தில் ஒரு கோடு மட்டுமன்று, பல கோடுகள் ஏணிப்படிபோல் இருக்கும். நன்னீருக்கு ஒன்று, வெப்பமண்டலக் கடலுக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று, வட அட்லாண்டிக் கடலின் குளிர்காலத்துக்கு மற்றொன்று. ஒரே கப்பல்தான், ஆனால் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப எல்லை மாறுகிறது. அமைதியான கடலில் பொறுக்கும் சுமையைப் புயற்கடல் பொறுக்காது. இதை நம் தோட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். வெயிற்காலத்தில் காய்ந்து கிடக்கும் செம்மண் பாதையில் லோரி இழுக்கும் சுமையை, அடைமழையில் ஊறிய மேட்டுப் பாதையில் இழுக்கலாமா?

நம் முன்னோர்களுள் பலர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். அவர்கள் வாயில் அடிக்கடி வரும் பெயர் 'ரஜூலா'. 1926 இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை மக்களை ஏற்றி இறக்கியது. மேல்தளத்தில் பாய்விரித்துப் படுத்து வந்தவர்கள் ஆயிரமாயிரம் பேர். பிரிட்டிஷ் கொடியின் கீழ் ஓடிய அந்தக் கப்பலுக்கும் இந்தச் சுமைக்கோட்டுச் சட்டம் பொருந்தும். பிலிம்சால் என்ற பெயரை நம் பாட்டிமார் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் அவர் போராடிப் பெற்ற சட்டத்தின் காவலில்தான் அவர்கள் வங்கக் கடலைக் கடந்தார்கள்.

இனி கடலிலிருந்து தரைக்கு வருவோம். சுமை ஏற்றுவது ஒன்று. சுமையை இழுப்பது மற்றொன்று. இழுப்பதில் உள்ள ஆபத்தை உலகுக்கு உணர்த்திய துயரம் அயர்லாந்து நாட்டில் ஆர்மா என்னும் ஊரில் நிகழ்ந்தது.

1889 ஜூன் 12 ஆம் நாள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோர்களும் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் புறப்பட்டார்கள். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம். ஆகவே இரயிலில் பெட்டிகளைக் கூட்டினார்கள். மொத்தம் பதினைந்து பெட்டிகள். ஏறத்தாழ 940 பேர். ஊரைத் தாண்டியதும் ஒரு நீண்ட ஏற்றம். 75 அடி சென்றால் ஓர் அடி உயரும் ஏற்றம் அது. இத்தனை பெட்டிகளா என்று இஞ்சின் ஓட்டுநர் முதலிலேயே தயங்கினார். ஆனால் அவருடைய தயக்கம் எடுபடவில்லை, இரயில் புறப்பட்டது. உச்சியை நெருங்கும் நேரத்தில் இஞ்சின் இழுக்கமாட்டாமல் நின்றுவிட்டது.

பொறுப்பாளர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். முன் ஐந்து பெட்டிகளைக் கழற்றி முதலில் மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு, பின்னர் வந்து மீதிப் பத்துப் பெட்டிகளை இழுப்பது என்பது அவர்கள் எண்ணம். அந்த இரயிலின் பிரேக், இஞ்சினோடு இணைந்திருக்கும்வரைதான் வேலை செய்யும். இணைப்பைக் கழற்றியவுடன் பின் பெட்டிகளுக்குக் கடைசிப் பெட்டியில் இருந்த கைப்பிரேக் ஒன்றே துணை. சக்கரங்களுக்கு அடியில் கற்களையும் வைத்தார்கள். முன்பகுதி நகரத் தொடங்கியபோது சிறிது பின்னுக்கு வந்து இடித்தது. அந்த இடி போதும். கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் பிள்ளைகளோடு இறக்கத்தில் பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த மற்றோர் இரயிலில் மோதின. 80 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் சிறுவர் சிறுமியர்.

அதே 1889 ஆம் ஆண்டிலேயே, சில வாரங்களுக்குள், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இரயில்வேச் சட்டத்தை இயற்றியது. பயணிகள் இரயிலின் எல்லாப் பெட்டிகளுக்கும் தானியங்கிப் பிரேக் இருக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் பெட்டி தானாகவே நின்றுவிட வேண்டும் என்பது விதி. இன்று நெடுஞ்சாலையில் ஓடும் பெரிய டிரெய்லர் லோரிகளில், காற்றுக்குழாய் அறுந்தால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அதே கருத்துதான் இங்கும் வந்திருக்கிறது.

ஆர்மாவின் பாடம் இரண்டு. ஒரு வண்டியால் இழுக்க முடிந்ததெல்லாம் அதனால் நிறுத்தவும் முடியும் என்று நினைக்கக் கூடாது என்பது முதற்பாடம். வண்டியை ஓட்டுகின்றவன் 'சுமை அதிகம்' என்று சொல்லும்போது, மேலே இருப்பவன் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பது இரண்டாம் பாடம்.

இப்போது லோரியின் கதைக்கு வருவோம். 1896 ஆம் ஆண்டு ஜெர்மனியில் கோட்லீப் டைம்லர் என்பவர் உலகின் முதல் மோட்டார் லோரியை உருவாக்கினார். அதன் இஞ்சினுக்கு 4 குதிரைச் சக்தி மட்டுமே. 1,500 கிலோ சுமக்கும். அடுத்த சில ஆண்டுகளிலேயே லோரிகள் பெருத்தன. 1904 இல் இங்கிலாந்தில் கன மோட்டார் வாகன ஆணை வந்தது. சுமையோடு சேர்த்து 12 டன்னுக்கு மேல் போகக் கூடாது, ஓர் அச்சின்மீது 8 டன்னுக்கு மேல் அழுத்தக் கூடாது என்று அது வரையறுத்தது. அமெரிக்காவில் 1913 இல் நான்கு மாநிலங்கள் முதன்முதலாக லோரியின் எடைக்கு எல்லை வகுத்தன. மேய்ன் மாநிலத்தில் 18,000 இராத்தல். மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 28,000 இராத்தல். அக்காலத்து லோரிகளுக்குக் காற்றடைத்த டயர் கிடையாது. கட்டி இரப்பர் சக்கரம்தான். அவை சாலைகளைப் பிளந்துபோட்டன. காற்றடைத்த டயர் வந்த பிறகே லோரி வேகம் பெற்றது. அந்த டயருக்கான இரப்பர் எங்கிருந்து சென்றது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நம் முன்னோர்கள் விடியற்காலையில் எழுந்து சீவிய பால்தான் உலகச் சாலைகளில் உருண்டது.

ஒரு லோரி சாலைக்கு எவ்வளவு சேதம் செய்கிறது என்பதை அளந்து பார்க்க, அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தின் ஒட்டாவா என்னும் ஊரருகே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வளையச் சாலைகள் போட்டு, இராணுவ ஓட்டுநர்களைக் கொண்டு 1958 முதல் 1960 வரை இரவும் பகலும் லோரிகளை ஓட்டினார்கள். அதன் முடிவு வியப்பைத் தந்தது. அச்சின்மீது உள்ள எடை இரண்டு மடங்கானால் சாலையின் சேதமும் இரண்டு மடங்காகும் என்றுதானே நாம் நினைப்போம்? அப்படியில்லை. ஏறத்தாழப் பதினாறு மடங்காகிறது! மாணவச் செல்வங்களே, இரண்டை நான்கு முறை பெருக்கிப் பாருங்கள், பதினாறு வரும். 10 டன் அச்சில் 12 டன் ஏற்றினால் சுமை ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. சேதமோ ஏறத்தாழ இரு மடங்காகிறது. தோட்டத்து முன்சாலை ஏன் அடிக்கடி குழியாகிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது. அந்தக் குழியில் விழுவது லோரியன்று. அதிகாலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள்.

நம் நாட்டில் 1987 இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டது. கூட்டரசுச் சாலைகளில் எடைக் கட்டுப்பாடு பற்றிய ஆணை 1989 இல் வந்தது. எந்த வகைச் சாலையில், எத்தனை அச்சு கொண்ட வாகனம், எவ்வளவு எடையோடு செல்லலாம் என்று அது பட்டியலிட்டது. பின்னர் அது திருத்தப்பட்டும் வந்திருக்கிறது. லோரியின் பக்கத்தில் எழுதப்படும் எண்களுக்கு இப்படிச் சட்டத்தின் பலம் இருக்கிறது.

அந்த எண்களைப் படிக்கும் கணக்கு மிக எளிது. எடுத்துக்காட்டாக, சுமையோடு கூடிய எடை 16,000 கிலோ என்றும், சுமையற்ற எடை 6,000 கிலோ என்றும் எழுதியிருந்தால், கழித்துப் பாருங்கள். 10,000 கிலோ, அதாவது 10 டன்தான் ஏற்றலாம். செம்பனைக் குலை ஒன்று சராசரி 20 கிலோ என்று கொண்டால், 500 குலைகள். அறுநூறு குலை ஏற்றினால் இரண்டு டன் மீறிவிட்டது. நான்காம் ஆண்டு மாணவனே போட்டுவிடக்கூடிய கணக்கு இது. வண்டியில் ஏறும் ஆட்களின் எடையும், மழையில் நனைந்த சேறும் இந்தக் கணக்கில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

வண்டியைச் செய்தவர்கள் இந்த எல்லையை மனம்போன போக்கில் வகுப்பதில்லை. சட்டம், வில்லு, அச்சு, டயர், பிரேக் ஆகிய ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிறார்கள். இவற்றுள் எது மிகவும் வலுக் குறைந்ததோ, அதுதான் முழு வண்டிக்கும் எல்லை. 'வில்லை மாற்றிவிட்டேன், இனி இரண்டு டன் கூட ஏற்றலாம்' என்று சிலர் சொல்வதுண்டு. வில்லு தாங்கும்; பிரேக் தாங்குமா? ஓடுகிற வண்டியின் வேகத்தைப் பிரேக் வெப்பமாக மாற்றுகிறது. எடை ஒன்றரை மடங்கானால் வெப்பமும் ஒன்றரை மடங்கு. வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. நீண்ட மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். அப்போது மிதிப்பவருடைய கால் வலிமை எதற்கும் உதவாது.

டிராக்டரின் பின்னால் டிரெய்லரை மாட்டினால் இன்னும் ஒரு கணக்கு வேண்டும். இழுக்கும் வண்டி, இழுபடும் வண்டி, இரண்டிலும் உள்ள சுமை ஆகிய அனைத்தையும் கூட்டிய மொத்த எடைக்கும் ஓர் எல்லை உண்டு. ஏற்றத்தில் டிராக்டர் டிரெய்லரை இழுக்கிறது. இறக்கத்தில் டிரெய்லர் டிராக்டரைத் தள்ளுகிறது. பின்னாலிருப்பது கனமாகவும் பிரேக் இல்லாததாகவும் இருந்தால், டிராக்டர் நடுவில் மடங்கிப் புரண்டுவிடும். பாரத்தை முழுவதும் பின்பக்கம் ஏற்றினால், டிரெய்லர் இழுக்கும் வண்டியின் பின்புறத்தைத் தூக்கி, ஆட்டம் காணும். ஆகவே எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதோடு, எங்கே ஏற்றுகிறோம் என்பதும் முக்கியம். குலைகளின்மேல் ஆட்கள் அமர்ந்து செல்லும் பழக்கத்தை நாம் பல தோட்டங்களில் கண்டிருக்கிறோம். சுமை சரிந்தால் முதலில் விழுவது மேலே இருப்பவர்தான்.

நேயர்களே, இது பழங்கதையன்று. 2025 மே 13 ஆம் நாள், பேராக் மாநிலம் தெலுக் இந்தானில் சித்திரா பௌர்ணமி விழாவின் பாதுகாப்புப் பணியை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீஸ் படையினரின் லோரியும், கல் ஏற்றி வந்த லோரி ஒன்றும் மோதிக்கொண்டன. போலீஸ்காரர்கள் ஒன்பது பேர் உயிரிழந்தனர். நம் சமயத் திருவிழா அமைதியாக நடக்கக் காவல் நின்றவர்கள் அவர்கள். கல் லோரியில் அனுமதிக்கப்பட்ட எடைக்கு மேல் சுமை இருந்தது என்பதும், அதன் இயந்திரப் பழுதோடு சேர்த்து, விசாரணையில் வெளிப்பட்டது. அந்த ஒன்பது குடும்பங்களின் துயரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இவ்வளவு தெரிந்தும் ஏன் அளவுக்கு மேல் ஏற்றுகிறார்கள்? பேராசை ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. டன் கணக்கில் கூலி கொடுக்கும் முறையில், ஒரு நடை குறைந்தால் எண்ணெய்ச் செலவு மிச்சம் என்று குத்தகையாளர் நினைக்கிறார். மறுத்தால் அடுத்த நாள் வேலை இருக்காது என்று ஓட்டுநர் அஞ்சுகிறார். குலைகள் வெட்டிய பிறகு காத்திருந்தால் எண்ணெயின் தரம் கெடும் என்று ஆலை அவசரப்படுத்துகிறது. ஆபத்தோ ஓட்டுநருக்கும் எதிரே வருபவருக்கும்தான். கப்பல் முதலாளிக்கும் மாலுமிக்கும் இடையே 1870களில் இருந்த அதே நிலைமையல்லவா இது? பிலிம்சால் மாலுமிகளிடம் 'துணிச்சலாக இருங்கள்' என்று மட்டும் சொல்லவில்லை. மறுக்கிற மாலுமி தனியாக நிற்காதபடி, சட்டத்தை அவனுக்குப் பின்னால் நிறுத்தினார். இன்று அந்தச் சட்டம் நமக்கு இருக்கிறது. அதைப் பற்றிய அறிவுதான் வேண்டும்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகனோ தம்பியோ லோரி ஓட்டுகிறவராக இருந்தால், 'அளவுக்கு மேல் ஏற்றமாட்டேன்' என்று அவர் சொல்லும் நாளில் வீட்டில் உள்ளவர்கள் அவருக்கு ஆதரவாக இருங்கள். 'நமக்கேன் வம்பு' என்று தடுத்துவிடாதீர்கள். தனியாக முதலாளியிடம் பேசத் தயங்கினால், தொழிற்சங்கத்தினர் மூலம் பேசச் சொல்லுங்கள். ஆலையில் லோரியை எடை போடும் மேடை இருக்கிறது. அங்கே அச்சிட்டுத் தரும் சீட்டில் மொத்த எடையும் வண்டியின் எடையும் பழத்தின் எடையும் இருக்கும். அந்தச் சீட்டை வண்டியின் பக்கத்தில் எழுதியுள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மாணவர்களே, நீங்களும் பள்ளிக்குச் செல்லும் வழியில் நிற்கும் லோரிகளின் எண்களைக் குறித்து வந்து, கழித்தல் கணக்குச் செய்து பாருங்கள். ஓடும் லோரிக்கு அருகில் மட்டும் செல்ல வேண்டாம்.

கப்பலின் கோடும் லோரியின் எண்ணும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. பொருளுக்கு விலை உண்டு, சுமைக்கு அளவு உண்டு. அவற்றைச் சுமந்து வருகின்ற மனிதனோ மாலையில் தன் வீட்டுக்குத் திரும்பிச் செல்ல வேண்டியவன்.